புகை ஏன் திரும்பி வருகிறது?

புகைபோக்கி வைத்த விறகடுப்பிலும் சில நாள் புகை மேலே ஏறாமல் சமையலறைக்குள் சுருள்கிறது. ஏன்?

புகையை ஏற்றுவது எடை வித்தியாசம்தான். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ, 200 டிகிரியில் 0.75 கிலோதான். கனமான வெளிக்காற்று கீழே நுழைந்து, இலேசான புகையை மேலே தள்ளுகிறது. அதிகாலையில் குழாய் சில்லென்று கிடக்கும்போது இந்தத் தள்ளல் இராது. முதலில் காய்ந்த சுள்ளியால் சுடர் எழுப்பிக் குழாயைச் சூடேற்றுங்கள். பெரிய விறகு பிறகு.

பலர் கவனிக்காதது கொடி அடுப்பின் இரண்டாம் வாய். அதில் பாத்திரம் இல்லையென்றால் குளிர்ந்த காற்று அவ்வழியே குழாய்க்குள் புகுந்து இழுப்பைக் கெடுத்துவிடும். சமைக்காதபோதும் அதை மூடியே வையுங்கள்.

குழாயில் படிந்த கரி வழியைக் குறுக்கும். கூரை முகட்டைவிடத் தாழ்ந்த புகைபோக்கியில் காற்று புகையைக் கீழே அமுக்கும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகிறது.

இந்தப் புகையில் கண்ணெரிச்சல் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் உண்டு. அடுத்த முறை புகைந்தால், ஊதாங்குழலை எடுக்குமுன் சன்னலைத் திறந்துவிடுங்கள். உள்ளே வரக் காற்று இல்லாமல் புகை வெளியேறாது.