மதிப்பெண் குறைந்தால் வழி அடைந்துவிடுமா?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் இல்லங்கள் சிலவற்றில் இழவு வீட்டின் அமைதி சூழ்ந்துவிடுகிறது. "இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி உன்னைச் சேர்க்கும்?" என்று பெற்றோரே கேட்கும்போது, பிள்ளையின் உள்ளம் உடைந்துபோகிறது.

பிரான்சு நாட்டின் புனித ஜான் மரிய வியான்னியை நினைவுகூர்வோம். இலத்தீன் மொழி அவருக்கு எட்டாக் கனியாயிருந்தது. லியோன் குருமடம் அவரைத் திருப்பியனுப்பியது. பங்குத்தந்தை பாலே அடிகளாரோ அவரைக் கைவிடவில்லை. அருகிலிருத்திப் பொறுமையுடன் கற்பித்தார். அவருக்காகப் பரிந்து பேசினார். 1815-இல் வியான்னி குருப்பட்டம் பெற்றார். 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம் பிள்ளைகளுக்கும் வழிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தவறியோர் துணைத்தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்புத் தேறியோர் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்று, பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர இயலும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விழைவோருக்கு, 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆகவே, பெற்றோரே, நகையை அடகு வைத்து இடைத்தரகரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் பிள்ளையோடு அமர்ந்து, அதன் விருப்பம் யாதெனக் கேளுங்கள். பின்னர் அதனை அறிந்த ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் பிள்ளையின் ஓராண்டு உழைப்பை அளக்கலாம். அதன் வாழ்நாளை அளக்க வல்லதன்று. வியான்னிக்கு ஒரு பாலே அடிகளார் கிடைத்தார். நம் இல்லத்தில் அந்த இடத்தை நிரப்பவேண்டியவர் நாமல்லவா?