திடீரென அணையும் கணினி

கடையில் பில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்து விடுகின்றதா? வைரஸ் என்று முடிவு கட்டி விண்டோஸை அழித்துப் பதிய முன்னர், அது 'ஓவர்க்ளொக்' செய்யப்பட்டதா எனப் பாருங்கள். அதாவது, உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கு மேலாக புரொசசரை ஓட விடுவது. பாவித்த கணினிகளை இவ்வாறு முடுக்கிவிட்டு, வாங்குபவரிடம் சொல்லாமல் விற்போரும் உண்டு. குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரமா என்பதை அவர்களே யோசிக்கட்டும்.

வேகத்தை 20 வீதமும் வோல்டேஜை 10 வீதமும் கூட்டினால், புரொசசர் இழுக்கும் மின்வலு சுமார் 45 வீதத்தால் ஏறும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்வலு உயர்வதே காரணம். அவ்வளவும் வெப்பமாகின்றது. வெப்பம் எல்லை மீறினால், எரிந்து போகாமலிருக்க கணினி தானாகவே நின்றுவிடும். பவர் சப்ளை சுமை தாங்காவிட்டாலும் இதே கதைதான்.

இடைநடுவில் அணையும்போது கடன் கணக்குக் கோப்பே பழுதாகலாம். ஆகவே முதலில் கணக்குகளை வேறொரு டிஸ்கில் பிரதி எடுங்கள். பின்னர் 'பயோஸ்' அமைப்புகளைப் பழைய நிலைக்கே மாற்றி, ஓரிரு நாட்கள் ஓட விடுங்கள். அணைவது நின்றால் காரணம் அதுவே. நிற்காவிட்டால் ஹீட்சிங்கில் அடைந்த தூசி, காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட் ஆகியவற்றைக் கவனித்து, இறுதியாக வேறொரு பவர் சப்ளையைப் பொருத்திப் பாருங்கள்.

ஈவென்ட் வியூவரில் 'கேர்னல் பவர் 41' எனப் பதிவாகியிருப்பதைக் காட்டி, புதிய பவர் சப்ளை வாங்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கின்றது.