காட்டை மீட்கப்போன கன்று

சில வருடங்களுக்கு முன் சனிக்கிழமை காலைகளில் ஒரு சின்ன நர்சரிக்குத் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தேன். இடம், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி. அந்த மண்ணுக்கே உரிய செடிகளை விதையிலிருந்து வளர்த்து, பாழான ஓடைக்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் நடுவதற்குக் கொடுப்பார்கள். முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, பழைய பிளாஸ்டிக் தொட்டிகளைக் கழுவுவது. குழாயைப் பீய்ச்சி மண்ணைப் போக்கி, தரையிலேயே அடுக்கி வைத்தேன். பளிச்சென்று இருந்தன. அது போதாது என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு சரிவு முழுக்க நாங்கள் கன்று நட்டோம். முதல் மழைக்காலத்தில் நன்றாகத்தான் வந்தன. அடுத்த கோடையில் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, நுனியிலிருந்து காய்ந்தன. "தண்ணி பத்தல போல" என்று சொல்லி வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். இன்னும் வேகமாகச் செத்தன. கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், சல்லிவேர் ஒன்றுகூட இல்லை. மீதி வேர் கறுத்து அழுகியிருந்தது. பரிசோதனைக்கு அனுப்பியதில் வந்த பதில்: பைட்டோப்தோரா.

இந்தப் பெயர் கிரேக்க மொழியில் 'செடிகளை அழிப்பது' என்று பொருள்படும். 1876-இல் ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மானியர் வைத்தது. 1840-களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இந்த இனம்தான். நம் ஊர் மிளகுக்கொடியின் வாடல் நோயும் தென்னையின் குருத்தழுகலும் இதன் பங்காளிகளின் வேலையே. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சை இல்லை. கடலில் இருக்கும் பழுப்புப் பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதனால் தண்ணீர்தான் இதன் உயிர்நாடி. மண் ஈரமானதும் இரண்டு வால் உள்ள நுண்ணிய வித்துகள் வெளியே வந்து, நீந்தி, வேரைத் தேடிப் பிடிக்கும். நாங்கள் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் அதற்குத்தான் உதவியிருக்கிறது. காய்ந்தால் செத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. தடித்த சுவர் கொண்ட வேறுவகை வித்துகளாக மாறி மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

இது எங்கள் ஒரு சரிவின் கதை மட்டுமல்ல. 2012-இல் கலிபோர்னியாவின் மான்டரே வட்டாரத்தில் ஒரு நர்சரியில், ஸ்டிக்கி மங்கிஃப்ளவர் என்ற ஆரஞ்சுப் பூச்செடியில் பைட்டோப்தோரா டென்டகுலேட்டா கண்டுபிடிக்கப்பட்டது. 1993-இல் ஜெர்மனியின் நர்சரிச் செடிகளிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இனம். அமெரிக்காவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு வருடத்தில், வாழிடத்தைச் சீரமைக்க நட்ட இடங்களிலும் அது தென்பட்டது. தேடத் தேட, வேறு பல பைட்டோப்தோரா இனங்களும் நர்சரித் தொட்டிகளில் அகப்பட்டன. காட்டை மீட்கப் போன கன்றே நோயைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது.

வீட்டுத்தோட்டத்தில் இப்படி நடந்தால் செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். காட்டு மண்ணில் ஒருமுறை இறங்கியதைத் திரும்ப எடுக்க நடைமுறையில் வழியில்லை. கலிபோர்னியாவின் ஐயோன் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள அமில மண்ணை விட்டால் வேறெங்கும் அநேகமாக வளராத ஒரு மன்சனிட்டா புதர் இருக்கிறது. அதைக் கூட்டங்கூட்டமாகக் கொல்வது பைட்டோப்தோரா சின்னமோமி. செத்த இடத்தில் மறுபடி நட்டும் பயனில்லை, மண்ணே நோயாகிவிட்டது.

"மருந்து அடிச்சா சரியாகிடாதா?" என்று நானும் கேட்டேன். இங்கேதான் சிக்கல். இதற்கென்று விற்கும் மருந்துகள் பெரும்பாலும் நோயை அடக்கிவைக்கும், முழுதாகக் கொல்லாது. இலை பச்சையாகத் தெரியும், வேரில் நோய் இருக்கும். வாங்குபவர் நல்ல கன்று என்று நம்பி எடுத்துப் போவார். சீரமைப்புக்கான கன்றுக்கு மருந்து அடிப்பது, வியாதியை மறைத்துப் பெண் கொடுப்பது மாதிரி.

அப்படியானால் வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. அது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஒழுங்கான பழக்கம்.

முதலில் தொட்டியும் மண்கலவையும். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவியபின் நீராவியில் சூடேற்ற வேண்டும். ஈரமான சூடு 60 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் எல்லா இடத்திலும் பட்டால் பைட்டோப்தோரா பிழைக்காது. மண்கலவைக்கும் அதே கணக்குதான்.

அடுத்தது தரை. தொட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. மண் தெறிக்காத உயரத்தில், சுமார் மூன்றடி மேசையில், தண்ணீர் கீழே வடிந்துபோகும்படி வைக்க வேண்டும். குழாயின் வாயைத் தரையில் போடாமல் கொக்கியில் மாட்ட வேண்டும். குட்டைத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் பாய்ச்சக் கூடாது. கீழே விழுந்த கன்றை மறுபடி மேசையில் வைக்கக் கூடாது. நான் எத்தனை தடவை வைத்திருப்பேன்!

மூன்றாவது செருப்பும் மண்வெட்டியும். முதலில் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹால் தெளிக்க வேண்டும். சேற்றின் மேல் தெளித்தால் மருந்து உள்ளே போகாது.

சோதனைக்கு ஒரு எளிய வழி உண்டு. தொட்டிகளிலிருந்து வடியும் தண்ணீரில் பச்சைப் பேரிக்காயைச் சில நாள் ஊறவைப்பார்கள். பைட்டோப்தோரா இருந்தால் காயில் பழுப்புப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் உறுதி செய்வார்கள். ஆரோக்கியமாகத் தெரியும் கன்றுகளின் தண்ணீரிலும் புள்ளி விழும் என்பதுதான் பயமுறுத்தும் விஷயம். புள்ளி வராவிட்டால் நோயே இல்லை என்றும் அர்த்தம் இல்லை. அதனால்தான் சோதனையை மட்டும் நம்பாமல் பழக்கத்தை நம்பச் சொல்கிறார்கள்.

அரிய செடிகள் உள்ள இடங்களில் கன்றே கொண்டுபோகாமல் விதையை நேரடியாக ஊன்றுவது இன்னும் பாதுகாப்பு. மெதுவாகத்தான் வளரும், புகைப்படத்துக்கும் அழகாக இருக்காது. ஆனால் தொட்டி மண் உள்ளே போகாது.

எங்கள் சரிவை இப்போது கயிறு கட்டி மூடி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே ஓடை ஓடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் அந்த மண் கொஞ்சம் கீழே இறங்குவதை நினைத்துக்கொள்வேன். சனிக்கிழமைகளில் இப்போதும் தொட்டி கழுவுகிறேன். புதிதாக வருபவர்கள் "ஏங்க, இவ்வளவு தேய்க்கணுமா?" என்று கேட்டால், அந்தச் சரிவுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.