பிறந்த குழந்தையின் கண்

பிறமாநிலங்களில் வாழும் நம்மவரில் பலருக்குப் பேறுகாலத்தில் தாய்வீடு செல்லும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் கண்ணில் பீளை தள்ளினால், 'தாய்ப்பால் இரண்டு துளி விடு' என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் சொல்லுவார். 'காஜல் தீட்டு' என்பார் அண்டை வீட்டு அம்மையார். இரண்டும் அன்பினால் எழும் சொற்களே. ஆயினும் அவற்றால் கழியும் நாள் குழந்தையின் பார்வைக்கே விலையாகிவிடலாம்.

பிறந்து 28 நாட்களுக்குள் தோன்றும் கண் அழற்சிக்குக் காரணமான கிருமிகள் பல, பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேயைச் சேர்கின்றன. அவற்றுள் கொடியது கொனோரியாக் கிருமி. பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களுக்குள் இமைகள் வீங்கிச் சீழ் பெருகும். கவனியாது விட்டால் கருவிழிப் படலம் புண்பட்டுத் துளையும் விழும். கிளமிடியாக் கிருமியோ 5 முதல் 14 நாட்களுக்குள் தலைகாட்டும். அது நுரையீரலையும் தாக்கக்கூடும்.

அபாயம் யாருக்கு மிகுதி? தாய்க்குள்ள தொற்று கருவுற்ற காலத்தில் கண்டறியப்படாதபோதும், பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிரசவமாகும்போதும், தூய்மையற்ற கைகள் குழந்தையைத் தொடும்போதும் அபாயம் மிகுகிறது. தாய்க்கு எவ்வித அறிகுறியும் இல்லாமலே தொற்று இருக்கலாம். கணவரிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே நாணமின்றி இருவருமே சோதனை செய்துகொள்ளுதல் நலம்.

1880-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்னும் மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளியாக விடத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளை வாட்டிய இந்நோய், நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. இன்று பல நாடுகளில் அக்கரைசலுக்கு மாற்றாக ஆன்டிபயாடிக் களிம்பு இடுகின்றனர்.

நாம் செய்யத்தக்கது யாது? கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சினால், மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் துடைப்போம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு வேண்டும். அன்றே மருத்துவரிடம் செல்வோம். கொனோரியாவுக்கு ஊசியும் கிளமிடியாவுக்கு உள்மருந்தும் தேவை. கடையில் வாங்கிய சொட்டு மருந்து மட்டும் போதாது. பெற்றோரும் உடன் சிகிச்சை பெறுதல் வேண்டும்.

சிவப்பும் வீக்கமும் இன்றிக் கண்ணீர் மட்டும் வடிந்தால், அது கண்ணீர்க் குழாயின் அடைப்பாக இருக்கலாம். பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே நீங்கும். எனினும், எது எதுவென்று பிரித்தறியும் பொறுப்பை மருத்துவரிடமே விடுவோம்.