மோட்டாருக்குத் தளம் உண்டு, மிதிவண்டிக்கு?

திருப்பெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வரை சென்று பாருங்கள், தோழர்களே! ஏர் நடந்த நிலத்திலே எந்திரம் நடக்கிறது. நெல் விளைந்த மண்ணிலே கார் விளைகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உருண்டு வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை. 2012இல் டெய்ம்லர் ஆலை. 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை! பக்கத்திலே வல்லம் வடகாலில் மற்றொரு என்ஃபீல்டு ஆலை. 'ஹிமாலயன்' என்று பெயர் சூட்டி, மலையேறும் மோட்டார் சைக்கிள் விற்கும் நிறுவனம் அது. சமவெளியிலே இருக்கும் ஊர், மலைக்கு வண்டி அனுப்புகிறது. பெருமைதான், மறுப்பாரில்லை.

அந்த வண்டிகளுக்குத் தளமும் உண்டு. 1953இல் பிறந்த சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் ஆண்டாண்டாகப் பந்தயம் நடத்தியது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு பந்தயத் தளம் கண்டது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். ஒரகடத்திலோ, வண்டிகளின் வலிமையைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையமும், அதனுள்ளே ஓடுதளங்களும்!

எந்திரத்துக்கு இத்தனை தளம். எந்திரத்தைப் பூட்டுகிறவனுக்கு? அவன் தங்கைக்கு? நிலத்தைத் தந்துவிட்டு நிற்கும் ஊரின் பிள்ளைக்கு? இரண்டு சக்கரத்தில் ஏறி, மேட்டிலே பாய்ந்து, பள்ளத்திலே இறங்கி, மண்ணோடு விளையாட ஊர் மன்றம் அமைத்துத் தந்த களம் எங்கே? அதைத்தான் கேட்கிறேன்.

மலைச் சைக்கிள் என்றதும் சிலர் சிரிப்பர். "அது சீமான் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு, பாட்டாளிக்கு எதற்கு?" என்பர். சிரிப்பவர்கள் அந்த விளையாட்டின் பிறப்பை அறியாதவர்கள். அது அரண்மனையிலே பிறக்கவில்லை. ஆலை முதலாளியின் அறையிலும் பிறக்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமால்பாயிஸ் மலையடிவாரத்து இளைஞர் சிலர், பிறர் கழித்துப் போட்ட பழைய கனத்த சைக்கிள்களைத் தேடி எடுத்தனர். தடித்த டயர், பின்சக்கரத்துக்குள்ளே பிரேக், அவ்வளவுதான் கருவி. 1976 அக்டோபரில் மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக்கிலுள்ள கிரீஸ் வெந்து புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஆகவே அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை', என்று பெயர் வந்தது. காயலான் கடைச் சைக்கிளில் பிறந்த அந்த ஆட்டம், இருபதே ஆண்டில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலே அரியணை ஏறியது. சீமான் பின்னால் வந்து சேர்ந்தான். தொடங்கியவன் சீமான் அல்லன்!

நமக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததா? 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிசையும் பி.எஸ்.ஏ.யையும் நாடெங்கும் அனுப்பியது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண், களை பறிக்கும் பெண், அங்கன்வாடிப் பெண் எல்லாரும் ஏறினார்கள். ஊர் கேலி பேசியது. அவர்கள் மணி அடித்துக்கொண்டே கடந்து போனார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிழாக்களில் ஓட்டிக் காட்டினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். இங்கே சைக்கிள் வெறும் வண்டி அல்ல. அண்ணனையும் கணவனையும் எதிர்பார்த்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற காலத்துக்கு அவள் சொன்ன முற்றுப்புள்ளி!

பிறகு வந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள். 2001-2002இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்குமென விரிந்தது. ஆட்சிகள் மாறின, சைக்கிள் நிற்கவில்லை. ஆக, வீட்டிலே வண்டி இருக்கிறது. ஏறத் தெரிந்த கால் இருக்கிறது. இல்லாதது இடம் ஒன்றுதான்.

"சாலை இருக்கிறதே" என்பீர்களா? கன்டெய்னர் லாரியும், ஆலைப் பேருந்தும், தண்ணீர் வண்டியும் முட்டி மோதும் சாலையிலே, பதினைந்து வயதுப் பிள்ளையை விளையாட விடும் தாய் யார்? "மேலக்கோட்டையூரில் உடற்கல்விப் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் பந்தயத் தளம் இருக்கிறதே" என்பீர்களா? உண்டு, வாழ்க! ஆனால் அது வழவழவென்று சாய்ந்து சுற்றும் வட்டத் தளம். தேர்ந்த வீரர் பறக்கும் இடம். நாம் கேட்பது மண் தடம். பள்ளி விட்டதும் ஓடி வருகிற பிள்ளையும், ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளியும் உள்ளே நுழைந்து, விழுந்து, எழுந்து, மறுபடி ஏறும் ஊர்ப்பொதுக் களம்.

இன்னொரு கேள்வி வரும். நேர்மையான கேள்வி, ஒதுக்கக் கூடாதது. "கூலிக்கே போராடுகிறான் தொழிலாளி, சங்கத்துக்கே போராடுகிறான். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்களே! அவனிடம் போய் ஆடுகளம் பேசுகிறாயே?" என்ற கேள்வி.

பேசுகிறேன், காரணத்தோடு பேசுகிறேன். 1923இல் சிங்காரவேலர் சென்னையிலே இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தனக்கென்று. இதுதானே மே நாள் உலகுக்குத் தந்த கணக்கு? அந்த மூன்றாவது எட்டு யாருக்காக? 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்திலே நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. அந்த ஆண்டு மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். நேரத்தைக் காத்தோம். நல்லது. காத்த நேரத்தை எங்கே செலவிடுவது? அறையிலே படுத்துக் கைப்பேசியைத் தேய்ப்பதற்கா? மதுக்கடையின் வாசலிலா? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 706 கோடி ரூபாயில் ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 பெண்கள் தங்கும் இடம்! ஒரு சிறு நகரமே அது. அந்த நகரத்தின் பெண்ணுக்கு, ஆலையும் கட்டிலும் தவிர மூன்றாவதாக ஓர் இடம் வேண்டாமா? கூலியும் உரிமை, காற்றும் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது, பசிக்குச் சோறு கேட்டவனிடம் "தண்ணீர் குடித்தாயே, போதாதா?" என்பது போன்றது.

சரி, ஊர் மன்றமும் ஓட்டுகிறவர்களும் சேர்ந்தால் ஆகுமா? ஆகியிருக்கிறது! ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலே டெர்பி என்றொரு சிற்றூர். வெள்ளீயம் தோண்டி வாழ்ந்த ஊர். 1929இல் சுரங்கத்துக்கான அணை உடைந்து 14 பேரை வெள்ளம் கொண்டு போயிற்று. பின்னாளிலே சுரங்கமும் ஓய்ந்தது, கடைகள் மூடின, இளைஞர் வெளியேறினர். அந்த வட்டாரத்து இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் கைகோத்து, அரசின் நிதியைப் பெற்று, காட்டினூடே மலைச் சைக்கிள் தடம் வெட்டின. 2015இல் திறந்தார்கள். 2017இல் உலகத் தொடர்ப் போட்டியே அங்கே நடந்தது. சில நூறு பேர்கூட இல்லாத ஊருக்கு உலகம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தது!

இனிப்பை மட்டும் சொல்லி ஏமாற்ற மாட்டேன். அதே டெர்பியில் வீட்டு விலை ஏறிற்று. உள்ளூரான் வாடகைக்கு வீடு தேடித் திண்டாடினான். தடத்தின் பக்கத்துக் காட்டிலே மரம் வெட்டுவதைப் பற்றிப் பூசலும் எழுந்தது. பாடம் என்ன? தடம் விருந்தாளிக்காக மட்டும் என்றால் ஊருக்குச் சுமை. ஊருக்காக என்றால் விருந்தாளி வந்தாலும் வரவு. நாம் கேட்பது இரண்டாவது வகை.

அவ்வளவு தொலைவு வேண்டாமா? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பாருங்கள். 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியிலே ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. அண்டை வீட்டான் ஆசியாவையே அழைத்தான். நாம் அடுத்த தெருப் பிள்ளையையாவது அழைக்க வேண்டாமா?

"மலை இல்லையே, மண்டபம் கட்டுவதெப்படி?" என்று கேட்க வேண்டியதில்லை. மலை இல்லாத ஊருக்கென்றே 'பம்ப் டிராக்' என்ற முறை இருக்கிறது. மண்ணைக் குவித்து அலை அலையாய் மேடு பள்ளம். திருப்பங்களில் சாய்ந்த கரை. மிதிக்கவே வேண்டாம், மேட்டிலே உடலைத் தளர்த்தி, பள்ளத்திலே அழுத்தினால், அந்த அழுத்தமே வண்டியைத் தள்ளும். ஒரு சிறு திடலே போதும். விலையுயர்ந்த வண்டி வேண்டாம். பிரேக் பிடிக்கும் சைக்கிளும் தலைக்கவசமும் போதும்.

கொஞ்சம் பெரிய இடம் கிடைத்தால் நீள் தடம். அதற்கும் கணக்கு உண்டு. சராசரி ஏற்றம் பத்தடிக்கு ஓரடியை மிஞ்சக் கூடாது. சரிவிலே வெட்டும்போது, தடத்தின் ஏற்றம் அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மழைநீர் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். ஆகவே தடம் பள்ளப் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும்; நீர் குறுக்கே வழிந்து போய்விட வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மண் இது, 2015ஐ மறந்தோமா? ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு நீரின் போக்கைச் சொல்லித்தர வெளிநாட்டு வல்லுநர் வேண்டியதில்லை. மண்வெட்டி பிடித்த கைக்கு இது தெரிந்த வேலை.

இடம் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. ஏரியிலும் மேய்ச்சல் நிலத்திலும் கை வைக்காதீர்கள். நீரும் ஆடும் மாடும் இழந்தது போதும். கைவிடப்பட்ட கல்குவாரியைக் காட்டி "இதோ மலை" என்று ஏமாற்றவும் விடாதீர்கள். செங்குத்துச் சுவரும் ஆழ்நீரும் உள்ள குழியைச் சுற்றி வேலியும் காவலும் இல்லையென்றால் அது ஆடுகளமல்ல, பலிக்களம். தொழிற்பேட்டைகளின் பசுமைத் திடல்களை முதலில் கேளுங்கள். நிலம் தந்தது ஊர். அதில் ஒரு துண்டு ஊருக்குத் திரும்பட்டும்.

பணமா? சட்டம் வழி வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி தருவது, அந்தச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையிலேயே இருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே பிரிவின் சொல். எனவே கையேந்த வேண்டாம், தோழர்களே! சட்டத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுங்கள்.

தட்டுவது யார்? ஊராட்சி மன்றம். அதற்குச் சொல்வது யார்? நீங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. எழுந்து நில்லுங்கள்! தீர்மானம் கொண்டு வாருங்கள். இடம் பார்க்கும் குழுவிலே சைக்கிள் ஓட்டும் இளைஞர் இருக்கட்டும். விடுதிப் பெண் இருக்கட்டும். அருந்ததியர் தெருவும் ஆதிதிராவிடர் தெருவும் வரைபடம் வரையும் நாளிலேயே இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு நாடா வெட்டும் விழாவுக்கு மட்டும் அழைக்காதீர்கள்! மழை முடிந்ததும் தடத்தைச் சீர் செய்யும் பொறுப்பை ஓட்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். இடத்தையும் வேலியையும் முதலுதவியையும் மன்றம் எழுதிக் கொடுக்கட்டும். கட்டணம் கூடாது. பூட்டும் கூடாது, இரவு ஷிப்ட் முடித்தவன் காலையிலே வருவான், பகல் ஷிப்ட் முடித்தவள் மாலையிலே வருவாள்.

ஒரு தெருவிலே ஒருவன் சைக்கிளில் ஏறிப் போனால், "இறங்கி நட" என்று மிரட்டிய காலம் இந்நாட்டுக்கு உண்டு. அந்தத் தெருவின் பேரப் பிள்ளையும், மிரட்டியவன் பேரப் பிள்ளையும், ஒரே மேட்டில் வரிசையில் நின்று, "அடுத்து நீ இறங்கு" என்று ஒருவனுக்கொருவன் வழிவிடுகிற இடம் ஒன்றைக் கேட்கிறோம். அரை ஏக்கர் மண்ணுக்கு இதைவிட மேலான விளைச்சல் ஏது? வருகிற கிராம சபையிலே கேளுங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள்!