நந்தன் நடந்தான், கிந்தன் ரயிலேறினான்

நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று ஏங்கி ஏங்கியே பெயர் பெற்றவன் நந்தன். திருநாளைப்போவார் என்று புராணம் அவனைக் குறித்து வைத்திருக்கிறது. எங்கே போக ஏங்கினான்? காசிக்கா? இமயத்துக்கா? இல்லை தோழர்களே, இதோ இருக்கிற சிதம்பரத்துக்கு! கொள்ளிடக் கரையிலே ஆதனூர். நடந்தே வந்து சேரக்கூடிய தொலைவுதான். அதைக் கடக்க ஒரு மனிதன் நாள் கணக்காகக் காத்துக் கிடந்தான். காடு தடுக்கவில்லை, ஆறு தடுக்கவில்லை, சாதி தடுத்தது. கடைசியில் தில்லை எல்லையை மிதித்தவனுக்குத் தீயிலே மூழ்கி எழுந்த பிறகே உள்ளே இடம் என்றது கதை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணைக்காரராக அவர் கொண்டுவந்து நிறுத்தினார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று அந்த வேதியரைப் பேச வைத்தார். பக்திக் கதைக்குள்ளே பண்ணைக் கொடுமை நுழைந்தது அப்போதுதான்.

பிறகு வந்தது பேசும் படம். 1935இல் நந்தனாராக நடிக்கக் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். நாடே மூக்கில் விரல் வைத்தது. 1942இல் ஜெமினி படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். கொட்டகையில் மக்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சேரி சேரியாகவே இருந்தது. அக்கிரகாரம் அக்கிரகாரமாகவே இருந்தது. அழுகை மனத்தைக் கழுவும், உண்மை. ஆனால் அழுதவன், நம் கடன் தீர்ந்தது என்று உறங்கிவிடுகிறானே!

1949இல் 'நல்லதம்பி' வந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். அறிஞர் அண்ணா எழுதிய படம். அமெரிக்காவில் ஃபிராங்க் காப்ரா 1936இல் எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற படத்தின் கதையை எடுத்து நம் ஊர் மண்ணிலே நட்டார் அண்ணா. நாயகன் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு, 1947இல் விடுதலையாகி வந்த மனிதர். உலகத்தின் மீது எரிந்து விழ அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. அவரோ சிரிக்க வைத்தார்!

அந்தப் படத்தில்தான் 'கிந்தனார்' கதாகாலட்சேபம். எழுதியவர் உடுமலை நாராயணகவி. கதை என்ன? கிந்தன் என்றொரு சேரிப் பிள்ளை. அவனுக்கும் ஏக்கம் உண்டு. ஆனால் அது கோயிலைக் காணும் ஏக்கமல்ல, படிக்கும் ஏக்கம். பட்டணத்துக்கு ரயிலேறிப் போகிறான், படிக்கிறான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். ஒரு மாணவனின் கதை. வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் கதை. சிரித்து முடித்த பிறகு நெஞ்சிலே முள்ளாய்த் தைக்கும் கதை!

இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரித் தம்பிகள் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு குறும்படம் எடுக்கிறார்கள். பெரும்பாலும் நகைச்சுவைப் படம். பெரும்பாலும் மாணவர் கதை. மகிழ்கிறோம். ஆனால் எடுக்கப் புகுமுன் கிந்தனாரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறோம். அந்தச் சில நிமிடக் காட்சியில் எதைக் கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

முதலில், உருவத்தைத் தள்ளவில்லை. காலட்சேபம் யாருடைய மேடை? பாகவதர்களின் மேடை. அதே மேடை, அதே சப்ளாக்கட்டை, அதே ராகம், கதையை நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்லும் அதே பாணி! கேட்கிறவன் பழகிய வீட்டுக்குள் நுழைவது போல நுழைகிறான். உள்ளே போனால் சாமான்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. சிரிக்கிறான். சிரித்த பிறகுதான், ஏன் சிரித்தோம் என்று யோசிக்கிறான். புதிய மேடை கட்டிப் புதிய கருத்தைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். பழைய மேடையிலே சொன்னதால் வைதிகரும் உட்கார்ந்து கேட்டாக வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பெயர். 'ந' போய்க் 'கி' வந்தது. ஓர் எழுத்துதான் மாற்றம்! அந்த ஓர் எழுத்திலேயே கேலியும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. நந்தனை மறக்கவும் விடவில்லை, நந்தனாகவே நின்றுவிடவும் விடவில்லை.

மூன்றாவது, வாகனம். நந்தன் நடந்தான், கிந்தனுக்கு ரயில். இது வேடிக்கைக்காக மட்டும் வைத்தது அன்று. உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று பாராமல் எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக் கொண்டு போகிற ரயிலின் பெருமையைக் கலைவாணர் பாடுகிறார். சாஸ்திரம் பிரித்தவர்களை டிக்கெட் ஒன்றாக உட்கார வைத்தது! கிந்தனின் ஊர் கற்பனை ஊர். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் அன்று சிதம்பரத்தில் ரயிலேறியிருந்தால் எந்த வழி போயிருப்பான்? பரங்கிப்பேட்டை, கடலூர் துறைமுகம், திருப்பாதிரிப்புலியூர், விழுப்புரம், பிறகு எழும்பூர். நந்தன் எந்த ஊருக்கு வர ஏங்கினானோ, அந்த ஊரிலிருந்து கிளம்பி வடக்கே போகும் இருப்புப்பாதை! திசையே மாறிவிட்டது, பார்த்தீர்களா!

நான்காவது, முடிவு. நந்தன் கதையின் முடிவிலே நெருப்பு. கிந்தன் கதையின் முடிவிலே நாற்காலி. நெருப்பில் மூழ்கி வேறொருவனாக எழுந்தால்தான் மதிப்பு என்றது பழைய கதை. நீ நீயாகவே இரு, படித்துவிட்டு வா, மதிக்க மறுத்தவன் எழுந்து நிற்பான் என்றது புதிய கதை.

எல்லாவற்றிலும் பெரியது ஐந்தாவது: யாரைப் பார்த்துச் சிரிப்பது? நந்தன் கதையைக் கேலி செய்யப் புகுந்தவர்கள் நந்தனைக் கேலி செய்திருக்கலாம். அது சுலபம். கந்தலைக் காட்டினால் சிரிப்பு வரும், பேச்சை இழுத்தால் சிரிப்பு வரும், எழுதப் படிக்கத் தெரியாமையைக் காட்டினால் சிரிப்பு வரும். அந்தச் சுலபத்தைக் கலைவாணர் தொடவில்லை. கிந்தனோடு சேர்ந்து சிரிக்கிறோம். கதவைச் சாத்தியவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இந்த வேறுபாடு விளங்க வேண்டுமானால் 1941இல் வந்த 'சபாபதி'யைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏவி. மெய்யப்பனாரின் படம். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் சிரிப்பை அள்ளி வீசிய அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் பணக்கார வீட்டு மக்குப் பிள்ளையின் கையிலே படாத பாடு படுகிறவர் யார்? தமிழாசிரியர்! வகுப்பறைச் சிரிப்பு அவர் தலையிலே விடிகிறது. சாரங்கபாணி அந்த வேடத்தில் வெளுத்து வாங்கினார். அன்று தொடங்கிய வழக்கம், எத்தனையோ கல்லூரிப் படங்களில் தமிழ் வாத்தியார் கோமாளியாகவே வந்து போனார். சபாபதிக்குப் படிப்பு விளையாட்டு. கிந்தனுக்குப் படிப்பு உயிர். இரண்டும் மாணவர் நகைச்சுவைதான். ஒன்று, இருப்பவன் வீணடித்ததைக் காட்டிச் சிரிக்க வைத்தது. மற்றொன்று, இல்லாதவன் எட்டிப் பிடித்ததைக் காட்டிச் சிரிக்க வைத்தது.

"ஒரு கிந்தன் இன்ஸ்பெக்டர் ஆனால் போதுமா? ரயிலேற வழியில்லாத மற்றப் பிள்ளைகள் கதி என்ன?" என்று கேட்பார் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை சினிமாவில் இல்லை, சிதம்பரத்தில் இருக்கிறது. 1916இல், 'நல்லதம்பி' வருவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, சுவாமி சகஜானந்தர் இங்கே நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளி. காவி கட்டியவர்; கடவுளை நம்பியவர்; சட்டமன்றத்தில் தம் மக்களுக்காகக் குரல் எழுப்பியவர்; 1959இல் மறைந்தவர். அவர் கொள்கையும் நம் கொள்கையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இருந்தும் தலை வணங்குகிறோம். ஏன்? நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பட்டணம் போய்ப் படித்தான். சகஜானந்தரோ பள்ளிக்கூடத்தை நந்தன் வந்த ஊருக்கே கொண்டுவந்தார்! கதையிலே தீ மூட்டிய ஊரில் நிஜத்திலே அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறும் போட்டு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். நந்தனார் பெயரிலே அரசுப் பள்ளிகள் இன்றும் அங்கே நடக்கின்றன.

ஆகவே தம்பி, படம் எடு. கடலூர்த் துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், கொள்ளிடக் கரை உழவன் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், தாராளமாக எடு. பெரியார் கலைக் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிலே, தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் உண்டு. அவனுடைய ஆங்கிலம் தடுமாறும். அவளுடைய உடை பழையதாக இருக்கும். கேமராவைத் திருப்பினால் ஒரு நொடியில் சிரிப்பு கிடைக்கும். அந்தச் சிரிப்பு உனக்கு வேண்டாம்! அவன் தடுமாறும்போது நகைக்கிற மேதாவியின் பக்கம் கேமராவைத் திருப்பு. சாதிப் பெயர் கேட்டுவிட்டு வாடகைக்கு அறை இல்லை என்கிற வீட்டுக்காரர் பக்கம் திருப்பு. சிரிப்புக்கா பஞ்சம்? அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது!

உழைக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் பிள்ளை எடுத்த படத்தைக் காட்டினால், "படிப்பை விட்டு இதென்ன கூத்து" என்று சீறாதீர்கள். பாருங்கள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைக் கண்டு நம் தெருவான் சிரிப்பானா, தலை குனிவானா?"

நம் தெருவானும் சேர்ந்து சிரித்தால், அந்தப் படம் கிந்தன் ஏறிய ரயில். வழிவிடுங்கள், அது போகட்டும்!