சிறிய படகும் பெரிய இயந்திரமும்

ஈப்போவுக்குத் தெற்கே தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டும் பழைய மிதவைக் கப்பல் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1982 வரை வேலை செய்த கப்பல் அது. எடை ஏறக்குறைய 4,500 டன். பள்ளிப் பிள்ளைகளை நாம் அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, "இவ்வளவு இரும்பும் எப்படி சார் மிதக்குது?" என்று கேட்காமல் இருப்பதில்லை. தன் எடைக்குச் சமமான தண்ணீரை அது ஒதுக்கித் தள்ளுகிறது, ஆகவே மிதக்கிறது என்று விடை சொல்வோம். குளத்தில் நிற்கும் கப்பலுக்கு அந்த விடை போதும். ஓடுகின்ற படகுக்குப் போதாது. ஓடும் படகு தன் எடையளவு தண்ணீரை ஒவ்வொரு படகு நீளத்துக்கும் புதிது புதிதாக விலக்கிக்கொண்டே போகவேண்டும். அதற்குத்தான் இயந்திரம், அதற்குத்தான் டீசல்.

இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கவேண்டிய தேவை எமக்கு ஒரு குடும்பத்தின் மூலமாக வந்தது. எமது பள்ளியில் படித்த பையன் ஒருவர், இப்பொழுது வளர்ந்து குடும்பஸ்தர், பாகான் டத்தோவில் ஒரு பழைய மரப்படகு வாங்கியிருந்தார். இழுவைப் படகின் சாயலில் கட்டியது. முன்பக்கம் உயர்ந்து, நடுவில் சிறு அறையும், அறைக்குக் கீழே 30 குதிரைச் சக்தி டீசல் இயந்திரமும் கொண்டது. தூண்டில் பிரியர்களை புலாவ் செம்பிலான் பக்கம் அழைத்துச் சென்று வருவது தொழில். படகு வாங்கிய பணம் அவருடையதன்று. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போனபோது, முப்பது வருடம் பால்வெட்டிய அவர் தந்தையார் கையில் மிஞ்சிய சேமநிதிப் பணம் அது.

படகு ஓடியது, ஆனால் மந்தமாக. கரும்புகை கக்கியது. டீசல் தாராளமாகக் குடித்தது. பட்டறைக்காரர் ஒருவர் 80 குதிரைச் சக்தியுள்ள பழைய இயந்திரம் ஒன்று இருக்கிறது, 25,000 வெள்ளிக்குப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கடன் வாங்க ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்று தகப்பனும் மகனும் எமது வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் மகனைப் பேசவிட்டுக் கடைசியில், "சார், நீங்க கணக்கு சொல்லிக்குடுத்தவரு. இது தேறுமா தேறாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவரை நாம் சின்ன வயது முதல் அண்ணன் என்றுதான் அழைப்பது. "ஒரு மாசம் பொறுங்கண்ணே" என்று சொல்லி, படிவத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

படகுகளில் இரண்டு சாதி உண்டு. அடிப்பாகம் தட்டையான கண்ணாடியிழைப் படகு, வேகமெடுத்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பிச் சறுக்கிக்கொண்டு போகும். இழுவைப் படகின் சாயலில் கட்டியதோ எழும்பாது. அதன் வயிறு உருண்டை. எந்த வேகத்திலும் தண்ணீருக்குள் அமர்ந்தபடியேதான் போகும். பாரம் தாங்கும், அலையைத் தாங்கும், ஓரளவு வேகம் வரைக்கும் சிக்கனமாகவும் ஓடும். அந்த அளவு எது என்பதுதான் கேள்வி.

ஓடும் படகு தன்னைச் சுற்றி அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் படகின் முன்முனை ஒரு முகட்டிலும், பின்முனை அடுத்த முகட்டிலும் இருக்க, அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் பின்முகடு படகை விட்டு நழுவிப் பின்னே போகும். பின்புறம் பள்ளத்தில் அமிழும், மூக்கு வானத்தைப் பார்க்கும். படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே மலையேற வேண்டியதாகிவிடும். வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து இந்த விவகாரத்தை ஆராய்ந்தார். கப்பல் கட்டுவோர் இன்றும் அவர் வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்கினால், அந்தப் படகுக்கு இயல்பான உச்சவேகம் நாட் கணக்கில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். எமது மாணவரின் படகு தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி. வர்க்கமூலம் 5. ஆக 6.7 நாட், மணிக்குப் பன்னிரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிள் மிதிக்கிற வேகம். 36 அடி நீளமானால் 8 நாட் கிடைக்கும். 80 குதிரையைக் கட்டினாலும் 25 அடி 36 அடியாகாது.

ஆகாதது மட்டுமன்று. டீசல் இயந்திரம் ஒரு குதிரைச் சக்தியை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ கால் லிட்டர் எண்ணெய் குடிக்கும். 20 குதிரைச் சக்தி செலவானால் மணிக்கு 5 லிட்டர். 80 குதிரையையும் முழுக்க விரட்டினால் 20 லிட்டர். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த விலையில் 20 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 67 வெள்ளி. பின்புறம் அமிழ்ந்தபடி பெரிய அலை எழுப்பிக்கொண்டு ஆற்றில் போனால், பக்கத்தில் சம்பானில் வலை போடுபவருக்கும் ஆபத்து. மீன்பிடி உரிமமுள்ள படகாக இருந்தால், இயந்திரத்தை மாற்றுவதற்கு மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அப்படியானால் அந்தப் படகு ஏன் 6.7 நாட்டை எட்டவில்லை? அதைத்தான் அந்த ஒரு மாதத்தில் தேடினோம். முதலில் உண்மை வேகத்தை அளந்தோம். கைத்தொலைபேசியே வேகம் காட்டும், ஆனால் ஆற்றில் ஒரு திசையில் மட்டும் அளந்தால் நீரோட்டம் ஏமாற்றிவிடும். ஒரே தூரத்தை மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஒருமுறையும் ஓட்டி, இரண்டு வேகத்துக்கும் சராசரி எடுத்தோம். 5 நாட் வந்தது.

அடுத்து அமாவாசையை எதிர்பார்த்திருந்தோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரேற்றம் அதிகம். அந்த ஏற்றத்தில் படகைக் கரையோரம் ஏற்றி நிறுத்தினால், வற்றும்போது அடிப்பாகம் வெளியே தெரியும். தெரிந்தது படகின் அடி அன்று, சிப்பிக்கூட்டம்! கட்டைவிரல் நகம் போன்ற வெள்ளை ஓட்டுப் பூச்சிகள். மலாய்க்காரர்கள் தெரித்திப் என்பார்கள். அவை பலகையெங்கும் சொரசொரப்பாக ஒட்டியிருந்தன. நம் முகத்துவாரங்களின் வெதுவெதுப்பான சேற்றுநீரில் சில வாரங்களிலேயே இவை குடியேறிவிடும். சொரசொரப்பான அடி தண்ணீரைப் பற்றி இழுக்கும். கடற்படைக் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு அடிக்கும் வேலையை ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றும் செம்பு கலந்த சாயத்தைத்தான் பூசுகிறோம். ஒரு காலத்தில் வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த சாயம் இருந்தது, பூச்சிகளை நன்றாகவே கொன்றது, ஆனால் சிப்பி நத்தைகளின் இனத்தையே கெடுத்ததால் 2001இல் உலக ஒப்பந்தம் போட்டு, 2008இல் அது நடப்புக்கும் வந்து, தடை செய்துவிட்டார்கள். பழைய டின் எங்காவது கிடைத்தால் மலிவு என்று வாங்கிவிடவேண்டாம்.

அடியைச் சுரண்டும்போது பலகையில் ஊசிமுனை போன்ற துளைகளும் கண்ணில் பட்டன. இது கப்பாங் என்னும் மரம் தின்னும் புழுவின் வேலை. வெளியே ஊசித் துளைதான், உள்ளே விரல் நுழையும் சுரங்கம். நல்லவேளையாக ஒரே பலகையோடு நின்றிருந்தது. அதை மாற்றினார்கள். இந்தப் புழுவுக்கு உப்பு வேண்டும். ஆகவே வேலையில்லாத நாட்களில் உப்புக் கரிக்காத இடம் வரை பேராக் ஆற்றில் மேலேறிப் படகைக் கட்டி வைப்பது மூத்தவர்கள் செய்து வந்த நல்ல தந்திரம்.

பின்னால் போனால் அங்கே இன்னொரு வேடிக்கை. சுழல்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். கடல்நீரில் உலோகம் அரிக்கும்போது விசிறிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றுவதே அதன் உத்தியோகம். எமது மாணவர் படகை அழகுபடுத்துகிறேன் என்று அதற்கும் சேர்த்துச் சாயமடித்திருந்தார். சாயத்துக்குள் முடங்கிய துத்தநாகம் எப்படிக் கரையும்? விசிறியின் ஓரம் அரித்திருந்தது. அச்சில் நைலான் தூண்டில் நரம்பு வேறு ஒரு பந்தளவு சுற்றிக் கிடந்தது.

இனி விசிறியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் மெய்யான நோய் அங்கேதான் இருந்தது. விசிறியை ஒரு திருகாணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போகும்படி வளைக்கப்பட்டிருக்கிறதோ, அதை 'பிட்ச்' என்பார்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 2,400 சுற்று, பல்சக்கரப் பெட்டி அதைப் பாதியாக்கினால் விசிறிக்கு 1,200 சுற்று. பிட்ச் 12 அங்குலமானால் நிமிடத்துக்கு 1,200 அடி, ஏறக்குறைய 12 நாட் போகவேண்டும். ஆனால் தண்ணீர் மரக்கட்டையன்று, திருகாணி அதில் நழுவும். கனமான மந்தப் படகில் 40 விழுக்காடு நழுவினாலும் அதிசயமில்லை. ஆகவே 7 நாட்டுக்கு 12 அங்குலம் பொருத்தமே.

அந்தப் படகிலோ 16 அங்குல பிட்ச் கொண்ட விசிறி இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் வேறெதற்கோ வாங்கியதைப் பொருத்திவிட்டார் போலும். மேட்டில் நான்காம் கியரில் ஏறும் லாரி மாதிரி, இயந்திரம் திணறியது. முழு விசையும் கொடுத்தும் 1,800 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. திணறும் இயந்திரத்துக்குள் ஊற்றும் எண்ணெய் முழுதும் எரியாது. எரியாதது கரும்புகையாக வெளியே வரும். புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி மெக்கானிக். கறுப்பு என்றால் பாரம் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் மசகெண்ணெய் எரிகிறது. ஓயாத வெள்ளை என்றால் எண்ணெய் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. இயந்திரத்தின் மேல் தகட்டில் எழுதியிருக்கும் சுற்று எண்ணிக்கையை உங்கள் படகு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால், அடியும் சுத்தம், வடிகட்டியும் சுத்தம் என்றால், விசிறியைச் சந்தேகியுங்கள்.

விசிறியைப் பட்டறையில் கொடுத்து வளைவைக் குறைத்தார்கள். படகின் அடியில் தேங்கிய நீரை இறைத்தார்கள். 20 லிட்டர் டின்னில் 50 டின் தண்ணீர் ஒரு டன் என்பதை அந்த வேளையில்தான் பையன் உணர்ந்தார். பின்புறத்தில் அடைத்திருந்த ஐஸ் பெட்டியை நடுவுக்கு நகர்த்தினார்கள். இயந்திர அறைக்குக் காற்று வர ஒரு திறப்பு வெட்டினார்கள். எல்லாம் சேர்ந்து புதிய இயந்திரத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. மறுபடியும் இருதிசையும் ஓட்டி அளந்தோம். 6.3 நாட். புகை இல்லை.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் அதற்குச் செலவே கிடையாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக, ஓய்விண்ட் குல்பிராண்ட்சென் என்ற நார்வே நாட்டுப் படகு வல்லுநர் 1986இல் சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மலேசியாவும் பங்குகொண்ட திட்டம் அது. அவர் வற்புறுத்திய முதல் காரியம், வேகத்தைக் கொஞ்சம் குறை என்பதே. படகுக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப்போல் ஏறும். 6 நாட்டில் 12 கடல் மைல் போக 2 மணி நேரம். 5 நாட்டில் 2 மணி 24 நிமிடம். அந்த 24 நிமிடப் பொறுமைக்கு டீசலில் ஏறக்குறைய 30 விழுக்காடு மிச்சம். நீரோட்டத்தின் கணக்கும் இப்படியே. 6 நாட் படகு 2 நாட் நீரோட்டத்தோடு 8 மைலை ஒரு மணியில் கடக்கும், எதிர்த்தால் இரண்டு மணி. நீரிறக்கத்தோடு புறப்பட்டு நீரேற்றத்தோடு திரும்புகிறவர் ஆற்றையே கூலியில்லாத வேலையாளாக வைத்துக்கொள்கிறார்.

பையனுக்கு முழுச் சமாதானமில்லை. கண்ணாடியிழைப் படகுகள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை என்கிறார். அது நியாயந்தான், ஆனால் அவை பத்துப் பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இராத்தங்கும் படகுகளல்ல. பெரியவர் மட்டும் போன பௌர்ணமிக்கு எம்மையும் சுரண்டுகட்டையோடு வரச்சொல்லியிருந்தார். உளியைச் சாய்த்துப் பிடித்து, பலகையில் காயம் படாமல் ஓட்டை மட்டும் சீவியெடுக்க அந்தக் கை எங்கே பழகியது என்று நாம் கேட்கவேண்டியிருக்கவில்லை.